முந்தானையை விலக்கிய பன்னிரண்டு வயது ராணி

சென்ற மாதம் நம் சமூகக்கூடத்தில் நடந்த தடுப்பூசி முகாம் எல்லோருக்கும் நினைவிருக்கும். வரிசையில் நின்ற ஒரு சிறுமி ஊசியைப் பார்த்ததும் அம்மாவின் துப்பட்டாவுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பக்கத்து நாற்காலியில் இருந்த பி பிளாக் பாட்டி ஒருவர் ரவிக்கைக் கையைச் சற்று மேலே தள்ளி, "இங்க பாரு கண்ணு, பாட்டிக்கு எவ்ளோ பெருசா குத்தியிருக்காங்க" என்று தன் இடது தோளுக்குக் கீழே இருந்த வட்டத் தழும்பைக் காட்டினார். அழுகையை நிறுத்திவிட்டு அவள் அதைத் தொட்டுப் பார்த்தாள். அம்மாவிடம் அப்படி ஒன்று இல்லையே என்ற சந்தேகமும் அவளுக்கு வந்தது.

அது பெரியம்மைக்குக் குத்தியது. பாட்டி பிறந்து வளர்ந்தது திருப்பாலைவனம். பழவேற்காடு போகும் சாலையில், நாம் பேருந்தில் கடந்துபோகும் அதே ஊர்தான். அம்மை குத்துகிற ஆள் சைக்கிளில் வருகிறார் என்று தெரிந்தால் ஏரியோரக் குப்பங்களிலிருந்து பிள்ளைகள் சவுக்குத் தோப்புக்குள் ஓடி ஒளிந்துகொள்வார்களாம். பிடித்து இழுத்துவந்து, சின்னச் சக்கரம் போன்ற ஒரு கருவியைத் தோலில் வைத்துத் திருகுவார்கள். பத்து நாள் புண், பிறகு பொருக்கு, பிறகு வாழ்நாள் முழுவதும் இந்தத் தழும்பு. எழுபதுகளின் பிற்பகுதிக்குப் பிறகு பிறந்த யாருடைய கையிலும் அதைப் பார்க்க முடியாது. (இளையவர்கள் தோளில் இருப்பது காசநோய்க்கான பிசிஜி ஊசியின் சின்னத் தழும்பு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

பாட்டி ரவிக்கையைத் தள்ளிய அந்தக் கணத்தில் எனக்கு ஓர் எண்ணெய் வண்ண ஓவியம் நினைவுக்கு வந்தது. வரைந்த ஆண்டு 1805. அதிலும் ஒரு பெண் தன் இடது கையை இப்படித்தான் காட்டுகிறாள். வயது ஏறக்குறைய பன்னிரண்டு. அவள் மைசூர் ராணி.

எண்ணெய் வண்ண ஓவியம் என்றால் நமக்கு உடனே ரவி வர்மாதான். இந்தப் படம் அவர் பிறப்பதற்கு 43 ஆண்டுகளுக்கு முந்தையது. வரைந்தவர் தாமஸ் ஹிக்கி, டப்ளினில் 1741இல் பிறந்த அயர்லாந்துக்காரர். அவர் வாழ்க்கையே ஒரு கப்பல் கதை. 1780இல் இந்தியாவுக்குப் புறப்பட்டபோது பிரெஞ்சு, ஸ்பானியக் கப்பல்கள் வழியில் மடக்கிவிட்டன. லிஸ்பனில் சில காலம் பிழைப்பு நடத்திவிட்டு ஒருவழியாகக் கல்கத்தா வந்து சேர்ந்தார். ஊர் திரும்பி, சீனப் பேரரசரிடம் போன மெக்கார்ட்னி தூதுக்குழுவில் ஓவியராகச் சேர்ந்தார். 1798இல் மறுபடியும் இந்தியா, இந்த முறை மெட்ராஸ். மறு ஆண்டே ஸ்ரீரங்கப்பட்டினம் வீழ்ந்து திப்பு சுல்தான் மாண்டார். அந்தப் போரோடு தொடர்புடைய தளபதிகள், திப்புவின் பிள்ளைகள், திவான் பூர்ணையா என்று பலரை ஹிக்கி வரைந்து தள்ளினார். நிலங்களை அளந்து சுவடிகளைச் சேகரித்த காலின் மெக்கன்சி தம் இந்திய உதவியாளர்களோடு நிற்கும் 1816ஆம் ஆண்டுப் படத்தைப் பாடப்புத்தகங்களில் பார்த்திருப்பீர்கள். அதுவும் அவர் கைவண்ணம்தான். 1824இல் நம் மெட்ராஸிலேயே இறந்தார்.

மைசூர்ப் படத்தில் மூன்று பெண்கள். பட்டும் பொன்னுமாக நிற்கிறார்கள். இந்தப் படம் எப்படியோ இங்கிலாந்து போய்ச் சேர்ந்து, பொதுப் பார்வையிலிருந்து மறைந்துவிட்டது. யார் இவர்கள் என்ற கேள்விக்கு நெடுங்காலம் கிடைத்த பதில், நாட்டியக்காரிகள் அல்லது தாசிகள் என்பதுதான். அந்தக் கால வெள்ளைக்கார ஓவியர் முன்னால் முகம் காட்டி நிற்கும் இந்தியப் பெண் வேறு யாராக இருக்க முடியும் என்று பார்த்தவர்கள் முடிவு கட்டிவிட்டார்கள். எனக்கு இதில் ஆச்சரியமில்லை, கோபம் மட்டும் உண்டு. பெயர் தெரியாத பெண்ணுக்கு முதலில் ஒட்டப்படுவது எப்போதும் இந்தச் சீட்டுதானே.

1991இல் ஒரு கண்காட்சியில் இந்தப் படத்தைப் பார்த்த நைஜல் சான்சலர் என்ற வரலாற்றாளருக்கு அந்தப் பதில் ஒட்டவில்லை. நகைகளும் தலையணியும் உடையும் மைசூர் உடையார் குடும்பத்து ராணிகளுக்கு உரியவை என்று அவருக்குத் தோன்றியது. அரண்மனை, கம்பெனி ஆவணங்களோடு ஒப்பிட்டுத் தம் முடிவை 2001இல் கட்டுரையாக வெளியிட்டார். அவர் கணிப்பின்படி வலப்புறம் நிற்பவள் தேவஜம்மணி. மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாருக்கு மனைவியாக 1805இல் அரண்மனைக்கு வந்த சிறுமி. இடப்புறம் நிற்பவள் மூத்த மனைவி. அவள் பெயரும் தேவஜம்மணியே. நடுவில் இருப்பவர் மன்னரின் பாட்டி லக்ஷ்மி அம்மணி.

இனி கையைப் பார்ப்போம். சேலைத் தலைப்பு பொதுவாக இடது தோளையும் கையையும் மூடியிருக்க வேண்டும். வலப்புறச் சிறுமிக்கு மட்டும் அது விலகியிருக்கிறது, கை தெரிகிறது. ஓவியர் அழகுக்காகச் செய்த காரியமாக இருந்தால் மற்ற இருவருக்கும் அப்படிச் செய்திருப்பாரே. அம்மைப்பால் குத்திய இடத்தை, மரியாதை குறையாத அளவுக்கு, அவள் சுட்டிக் காட்டுகிறாள் என்கிறார் சான்சலர். மூத்தவளின் மூக்குக்குக் கீழேயும் வாயைச் சுற்றியும் தோல் வெளுத்திருக்கிறது. ஓவியர்கள் ராணிகளின் முகத்தில் இருக்கும் குறையை மறைப்பார்களே தவிர, இல்லாத குறையை வரைய மாட்டார்கள். அந்த வெளுப்புக்கும் ஒரு காரணம் சொல்கிறார் அவர். அது புரிய வேண்டுமானால் அந்தக் காலத்து வைத்தியம் கொஞ்சம் தெரிய வேண்டும்.

பெரியம்மை ஒருமுறை வந்து பிழைத்தவருக்கு மறுபடி வராது என்பது ஆசியாவில் பழைய அறிவு. அதனால் நோயாளியின் கொப்புளப் பொருக்கை எடுத்து, நல்ல உடம்பில் கீறி வைப்பதோ, பொடித்து மூக்கில் ஊதுவதோ பல இடங்களில் வழக்கம். வங்காளத்தில் இதற்கென்றே தொழிற்காரர்கள் இருந்தார்கள். லேசாக அம்மை போட்டு இறங்கிவிடும். பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார்கள். ஆனால் உடம்பில் ஏறுவது உண்மையான பெரியம்மை. சிலர் செத்துப்போவார்கள், பிழைத்தவரிடமிருந்து அண்டை வீட்டாருக்கும் பரவும். மூத்த ராணியின் முகத்தில் இருப்பது இந்தப் பழைய முறையின் அடையாளம் என்பது சான்சலரின் வாதம். அப்படியானால் ஒரே சட்டத்துக்குள் பழைய முறை இடப்புறமும் புதிய முறை வலப்புறமும் நிற்கின்றன. பழைய முறைக்காரியின் முகத்தில் வடு. புதிய முறைக்காரியின் முகத்தில் ஒன்றுமில்லை. இதைவிடச் சுருக்கமாக ஒரு விளம்பரம் செய்ய முடியாது.

புதிய முறை என்பது எட்வர்டு ஜென்னருடையது. பால் கறக்கும் பெண்களுக்கு மாட்டிலிருந்து தொற்றும் சாதுவான பசு அம்மை, பெரியம்மையைத் தடுக்கிறது என்று 1796இல் அவர் சோதித்துக் காட்டி, 1798இல் புத்தகமாக எழுதினார். மருந்து நல்லதுதான். அதை இந்தியாவுக்குக் கொண்டுவருவதுதான் பெரும்பாடு. குளிர்சாதனப் பெட்டி இல்லாத காலம். நூலில் தோய்த்து உலர்த்திக் கண்ணாடிக்குள் வைத்து அனுப்பினால் வெயிலில் வீரியம் போய்விடும். கடைசியில் வியன்னாவிலிருந்து பாக்தாத், அங்கிருந்து பாஸ்ரா, பிறகு பம்பாய் என்று அது வந்து சேர்ந்தது. பிற்பாதி வழியெல்லாம் கைக்குக் கை. ஒருவர் கையில் குத்தி, எட்டாம் நாள் வாக்கில் எழும் கொப்புளத்தின் நீரை எடுத்து அடுத்தவர் கையில் குத்தி, அவர் கையிலிருந்து இன்னொருவருக்கு என்று சங்கிலி அறுபடாமல் கொண்டுவந்தார்கள். மனிதர்களே குப்பி, மனிதர்களே பெட்டி.

இந்தியாவில் அது முதலில் பற்றிக்கொண்டது 1802 ஜூன் 14இல், பம்பாயில். ஒரு வேலைக்காரியின் மூன்று வயது மகள், அன்னா டஸ்ட்ஹால். அந்தக் குழந்தையின் கையில் எழுந்த கொப்புளத்திலிருந்து ஐந்து பேருக்கு. அவர்களிடமிருந்து ஹைதராபாத், கொச்சி, தலச்சேரி, செங்கல்பட்டு, மெட்ராஸ், மைசூர். செங்கல்பட்டிலும் மெட்ராஸிலும் அந்த ஆண்டுகளில் அம்மைப்பால் குத்திக்கொண்டவர்கள் அத்தனை பேருக்கும் அந்தக் கொப்புள வழியில் ஒரு பூட்டி முப்பாட்டி உறவு இருக்கிறது என்று சொல்லலாம். அன்னாவைப் பற்றி இதற்கு மேல் அதிகம் எழுதி வைக்கப்படவில்லை. அவளுக்கு ஓவியம் எதுவும் இல்லை.

இந்தக் கைக்குக் கை முறையில்தான் வில்லங்கமே. யாருடைய உடம்பிலிருந்து எடுத்த நீர் என்று கேட்காத வீடு அன்று எது? மேல்சாதி வீட்டுப் பிள்ளையின் இரத்தத்தில் கலக்கப்போவது எந்தத் தெருப் பிள்ளையின் கொப்புளமோ என்ற பேச்சு. கூடவே, பழைய முறையில் பிழைத்துவந்தவர்களுக்குத் தொழில் போகும் கவலை. இலவசமாகக் குத்துகிறான் என்றால் வெள்ளைக்காரனுக்கு என்ன உள்நோக்கமோ என்ற சந்தேகம். அந்தச் சந்தேகத்தை முட்டாள்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். அப்போதுதான் நாட்டைப் பிடித்து முடித்திருந்தார்கள். படைவீரரும் வரி கட்டும் குடிகளும் சாகாமல் இருப்பது கம்பெனிக்கு ஆதாயம் என்பதும் உண்மை.

எல்லாவற்றுக்கும் மேலே நம் பக்கத்துத் தயக்கம் ஒன்று உண்டு. இங்கே அம்மை ஒரு வியாதி மட்டுமல்ல. வீட்டுக்கு மாரியாத்தா வந்திருக்கிறாள். வாசலில் வேப்பிலை செருகுவோம், தாளிக்க மாட்டோம், வெளியாள் வரக்கூடாது, இறங்கிய பிறகு தலைக்குத் தண்ணீர் ஊற்றி, அம்மனுக்குக் கூழ் வார்ப்போம். தானாக வருகிற தாயை வராதே என்று ஊசியால் தடுப்பது எப்படி? தொற்றுநோயாளியைத் தனியறையில் வைத்து, குளிர்ச்சியான ஆகாரம் கொடுத்து, விருந்தாளியை நிறுத்துகிற இந்த வழக்கங்களில் நல்ல மருத்துவ அறிவு இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். குணப்படுத்தும் மருந்து இல்லாத நோய்க்கு அதைவிட வேறென்ன செய்துவிட முடியும்?

இந்தத் தயக்கத்தை உடைக்க மெட்ராஸில் நடந்த ஒரு முயற்சி சுவையானது. 1810இல் மெட்ராஸ் கலெக்டரான எல்லிஸ் துரையை நமக்குத் திருக்குறளால் தெரியும். திருவள்ளுவர் உருவம் பொறித்த பொற்காசோடு சேர்த்துப் பேசப்படுபவர், பஞ்ச காலத்தில் கிணறுகள் வெட்டிக் கல்வெட்டில் குறளைப் பொறித்தவர். அவரே பசு அம்மையைப் பற்றிப் புராண நடையில் ஒரு கதை எழுதினார். சக்தியும் தன்வந்திரியும் பேசிக்கொள்வதாக வரும் கதை. தேவியே இந்த மருந்தை அருளினாள் என்றால் யார் மறுப்பார்கள் என்பது அவர் கணக்கு. நல்ல காரியத்துக்கான பொய். அந்த நாளில் இப்படிக் கிளம்பிய கதைகளைப் பிற்காலத்தில் சிலர் நிஜமான பழஞ்சுவடி என்று நம்பி, ஜென்னருக்கு முன்பே நம்மவர்கள் பசு அம்மைப்பால் குத்தினார்கள் என்று எழுதினார்கள். இன்றைக்கும் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் அது சுற்றிவருகிறது. பெரியம்மைப் பொருக்கைக் கீறி வைக்கும் பழைய முறை இங்கே இருந்தது மெய். பசு அம்மைப்பால் இருந்தது என்பதற்கு ஆதாரம் இல்லை.

கலெக்டர் புராணத்தை நாடினார் என்றால் மைசூர் அரண்மனை நாடியது ஒரு மருமகளை. அங்கே முடிவெடுக்கக்கூடிய இடத்தில் இருந்தவர் லக்ஷ்மி அம்மணி. இரண்டாம் கிருஷ்ணராஜ உடையாரின் விதவை. ஹைதர் அலி, திப்பு காலம் முழுவதும் அரண்மனைக்குள் கிட்டத்தட்டச் சிறையில் இருந்துகொண்டே, ஆங்கிலேயரோடு இரகசியத் தூது நடத்தி, குடும்பத்துக்கு அரியணையை மீட்டவர். 1799இல் ஐந்து வயதுப் பேரனைச் சிம்மாசனத்தில் உட்காரவைத்தார். அவர் தம் கணவரைப் பெரியம்மைக்குப் பறிகொடுத்தவர் என்றும், ஓவியத்தின் நடுவில் அவர் நிற்பது குடும்பத்தின் சம்மதத்துக்கு அடையாளம் என்றும் சான்சலர் கருதுகிறார். பேரனுக்கு வாரிசு பிறக்க வேண்டும். அதற்கு வருகிற பெண் பெரியம்மையில் போய்விடக்கூடாது. பாட்டியின் கவலை கம்பெனியின் கவலையோடு ஒத்துப்போன இடம் இது.

1806 ஜூலையில் எழுதப்பட்ட ஓர் அரசவைக் குறிப்பு, தேவஜம்மணிக்கு அம்மைப்பால் குத்தியதைச் சொல்லி, அதன் பிறகு மக்கள் முன்வந்து குத்திக்கொள்ளத் தொடங்கினார்கள் என்கிறது. ஓவியத்துக்கும் இந்தச் சிறுமிக்கும் சான்சலர் போடும் முடிச்சின் உறுதியான இழை இதுதான்.

எனக்கு ஒரு கேள்வி உறுத்துகிறது. மைசூர்க் குடியானவன் யாராவது இந்தப் படத்தைப் பார்த்திருப்பானா? அச்சில் வந்த ரவி வர்மா படங்கள் போல வீட்டுக்கு வீடு மாட்டக்கூடிய சங்கதி இல்லை இது. ஒரே ஒரு துணி, ஒரே ஒரு சட்டம், அதுவும் அரண்மனைக்குள். மக்களிடம் போய்ச் சேர்ந்தது படமல்ல, பேச்சு. "ராணியம்மாவே குத்திக்கிட்டாங்களாம்" என்ற சந்தைப் பேச்சு. அப்படியானால் இத்தனை செலவில் படம் யாருக்கு? மற்ற அரச குடும்பங்களுக்கும் கம்பெனியின் பெரிய மனிதர்களுக்கும் காட்ட என்றுதான் நான் நினைக்கிறேன். கோஷாவில் இருக்க வேண்டிய ராணிகளை அந்நிய ஆண் ஒருவர் எதிரே நிறுத்தும் அளவுக்கு இருதரப்புக்கும் அவசரம் இருந்திருக்கிறது. இங்கே எண்ணெய் வண்ணத்துக்கும் ஒரு வேலை உண்டு. மைசூர் அரண்மனைச் சித்திரக்காரர்களின் பொன் ரேக்கு ஓவியங்களில் ராணியின் முகம் தேவியின் முகம்போல மாசுமருவின்றி இருக்கும். தோலின் வெளுப்பையும் கையின் சதையையும் உள்ளபடி காட்ட இந்த மேல்நாட்டு வண்ணக் குழைவு தேவைப்பட்டது.

இவை எல்லாம் ஊகத்தின் மேல் கட்டிய சுவர் என்று ஒருவர் சொல்லலாம். சொல்லட்டும். நகை, ஆண்டு, ஓவியர், அரசவைக் குறிப்பு, விலகிய தலைப்பு என்று ஐந்தாறு தனித்தனிச் சாட்சிகள் ஒரே பக்கம் கை காட்டும்போது, நாட்டியக்காரிகள் என்ற பழைய பதிலைவிட இது எவ்வளவோ மேல். அந்தப் பழைய பதிலுக்கு ஒரு சாட்சிகூட இல்லை. 2007இல் சோதபீஸ் ஏலத்துக்கு இந்தப் படம் வந்தது.

ஆனால் பெயர் திரும்பக் கிடைத்த பிறகும் ஒரு விஷயம் கிடைக்கவில்லை. அந்தப் பெண் என்ன நினைத்தாள்? பன்னிரண்டு வயது. நம் குடியிருப்பில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிறந்த வீட்டை விட்டு, தன் வயதே உள்ள மாப்பிள்ளைக்காகப் பெரிய அரண்மனைக்கு வருகிறாள். வந்ததும் யாரோ கையில் கீறுகிறார்கள். கொப்புளம் எழுகிறது. ஆறியதும், அறுபதைத் தாண்டிய ஒரு வெள்ளைக்காரர் எதிரே நகைச் சுமையோடு நாள்கணக்கில் அசையாமல் நில், தலைப்பை விலக்கு என்கிறார்கள். அவளிடம் யாரும் கேட்டிருக்கப் போவதில்லை. பம்பாயின் அன்னாவிடமும் கேட்கவில்லை. ஒரு கண்டத்துக்கே தடுப்பு மருந்து வந்த கதையில் முதல் கை வேலைக்காரி மகளுடையது, பெயர்போன கை ராணியுடையது. இரண்டுமே சின்னப் பெண்களின் கைகள்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கைக்குக் கை முறை போய், கன்றுக்குட்டிகளிடமிருந்து எடுத்த அம்மைப்பால் வந்தது. அதைத் தயாரித்து மாகாணம் முழுவதும் அனுப்பத் தொடங்கப்பட்டதுதான் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட், 1899இல். கொரோனாக் காலத்தில் நம்மில் பலர் பரிசோதனைக்காகவும் சிகிச்சைக்காகவும் போய்வந்த அதே இடம். 1975 மே மாதத்தோடு இந்தியாவில் பெரியம்மை நின்றது. 1980இல் உலகத்திலேயே இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. மனிதன் அடியோடு ஒழித்துக்கட்டிய ஒரே மனித நோய் அது.

முகாமுக்கு மறுநாள் பாட்டியிடம் கைபேசியில் அந்த ஓவியத்தைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். ராணி என்று நான் சொன்னதை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை. "பாவம், புண்ணு ஆறியிருந்துச்சோ என்னமோ. அது மேல துணி பட்டா எரியும்" என்றார்.

ஒரு வேண்டுகோள். நம் நான்கு பிளாக்குகளிலும் அம்மை குத்திய தழும்பு உள்ள பெரியவர்கள் இருக்கிறார்கள். எந்த ஊரில், எந்த வயதில், யார் வந்து குத்தினார்கள், எங்கே ஓடி ஒளிந்தீர்கள் என்பதைப் பேரப்பிள்ளைகளிடம் சொல்லி எழுதச் சொல்லுங்கள். பொங்கல் இதழில் இரண்டு பக்கம் ஒதுக்கி வைத்திருக்கிறோம். விருப்பமிருந்தால் தழும்பின் புகைப்படமும் தரலாம், முகம் தேவையில்லை.